‘எங்க செலக்‌ஷன் ப்ராசஸ் எப்படி இருந்துச்சு?’ - இன்டர்ன்ஷிப் கிடைக்காம போனவங்களுக்கு வர்ற ஃபார்ம்ல என்ன எழுதலாம்?

ரிஜெக்ட் ஆன கடுப்புல கிழிச்சுத் தொங்கவிடலாமா, இல்லை அஞ்சு ஸ்டாரைத் தட்டிவிட்டு நல்ல பேர் வாங்கலாமா? அந்த ரெண்டு நிமிஷ ஃபார்மை உங்களுக்கும் அடுத்து வர்றவங்களுக்கும் பிரயோஜனமா நிரப்புற வழி இதோ!

‘இந்த முறை உங்களைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை’னு ஒரு மெயில் வந்திருக்கும். அந்தக் கடுப்பு ஆறுறதுக்குள்ள அதே இடத்துலேருந்து இன்னொரு மெயில் வரும். ‘ஹாய்! எங்க கிரியேட்டிவ் இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிச்சதுக்கு நன்றி. எங்க தேர்வு முறையை இன்னும் சிறப்பாக்க உங்க கருத்து தேவை. ரெண்டே நிமிஷம்தான்.’ கீழே ஒரு கூகுள் ஃபார்ம் லிங்க்.

இதைப் பார்த்ததும் பெரும்பாலும் மூணுல ஒண்ணு நடக்கும். சிலர் லிங்க்கைத் தொடாமலே டெலீட் பண்ணுவாங்க. சிலர், ‘அடுத்த பேட்ச்ல கூப்பிட்டாலும் கூப்பிடுவாங்க’னு எல்லாத்துக்கும் அஞ்சு ஸ்டார் போடுவாங்க. மீதிப் பேர் ராத்திரி ஒரு மணிக்கு உட்கார்ந்து மனசுல இருக்கிற எல்லாத்தையும் கொட்டுவாங்க.

நான் மூணாவது கேட்டகிரி.

ஜர்னலிசம் டிப்ளோமா முடிச்ச புதுசு. சென்னையில ஒரு கன்டென்ட் நிறுவனத்துல இன்டர்ன்ஷிப்புக்கு அப்ளை பண்ணியிருந்தேன். மூணு நாள்ல பத்து ரீல்ஸ் ஸ்க்ரிப்ட் எழுதி அனுப்பச் சொன்னாங்க. அந்த மூணு நாளும் மதுரையில அத்தை பொண்ணு கல்யாணம். மண்டபத்துல பந்தி நடக்க நடக்க, ஸ்டோர் ரூம்ல வாழைக்காய் மூட்டை மேல உட்கார்ந்து போன்லயே பத்து ஸ்க்ரிப்ட்டையும் டைப் பண்ணி அனுப்பினேன். அப்புறம் ஆறு வாரம் சத்தமே இல்லை. ஒருநாள் மெயில் வந்துச்சு. ஆசையா திறந்தா, ஃபீட்பேக் ஃபார்ம்! நான் செலக்ட் ஆகலைங்கிற விஷயமே, ‘தேர்வாகாதவர்களுக்கான கருத்துப் படிவம்’ங்கிற அந்தத் தலைப்பைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிஞ்சுது. அன்னிக்கு ராத்திரி அந்த ஃபார்ம்ல நான் எழுதினதை இப்போ நினைச்சாலும் சிரிப்பா வருது. ‘மனுஷனை மனுஷனா மதிக்கத் தெரியாத கூட்டம்’னு ஆரம்பிச்சு பெரிய கட்டுரையே எழுதியிருந்தேன். அதுல கல்யாணமும் இல்லை, மூணு நாள் கணக்கும் இல்லை, ஆறு வாரமும் இல்லை. வெறும் கோபம்.

போன வருஷம் சீன் மாறுச்சு. எங்க டீமுக்கு வந்த பயிற்சி விண்ணப்பங்களைப் பிரிச்சு அடுக்குற வேலை என்கிட்ட வந்துச்சு. கூடவே, விண்ணப்பிச்சவங்க நிரப்பின ஃபீட்பேக் ஷீட்டும். வரிசையா ‘சூப்பர்’, ‘குட்’, ‘நைஸ்’. நடுநடுவுல ரெண்டு மூணு கோபக் கட்டுரை. அதுக்கு நடுவுல ஒரே ஒருத்தர் எழுதியிருந்தார்: ‘டாஸ்க்குக்கு 48 மணி நேரம் கொடுத்திருந்தீங்க. நான் பகல்ல ஜெராக்ஸ் கடையில வேலை பார்க்கிறேன். எனக்குக் கிடைச்சது ரெண்டு ராத்திரி மட்டும்தான். ஒரு ஞாயித்துக்கிழமை உள்ளே வர்ற மாதிரி கொடுத்திருந்தா நல்லா பண்ணியிருப்பேன்.’

அடுத்த பேட்ச்சுக்கு டாஸ்க் நேரம் ஒரு வாரமாச்சு. அந்த நாலு வரிதான் காரணம். எழுதினவருக்கு இடம் கிடைக்கலை. ஆனா, அவரால வேற யாரோ ஒருத்தருக்கு ஒரு ஞாயித்துக்கிழமை கிடைச்சுது.

இந்தக் கட்டுரை அந்த நாலு வரியை எப்படி எழுதுறதுங்கிறதைப் பத்தித்தான்.

முதல்ல, ஏன் கேட்கிறாங்க?

நிஜமாவே மாத்தணும்னு நினைச்சுக் கேட்கிறவங்க இருக்காங்க. ஹெச்.ஆர் டீமோட வருஷாந்தர ரிப்போர்ட்டுல ஒரு நம்பர் தேவைப்படுறதால கேட்கிறவங்களும் இருக்காங்க. விண்ணப்பிச்சவங்க நாளைக்கு அதே நிறுவனத்தோட வாடிக்கையாளராவோ, போட்டி நிறுவனத்தோட ஊழியராவோ வரலாம். அவங்க போற இடத்துல எல்லாம் என்ன பேசுவாங்கங்கிற பயமும் ஒரு காரணம்.

ஃபார்மைப் பார்த்தே ஓரளவு கண்டுபிடிச்சிடலாம். ஸ்டார் மட்டும் கேட்டா, அவங்களுக்கு வேண்டியது நம்பர். ‘எந்தக் கட்டத்துல உங்களுக்குச் சிரமமா இருந்துச்சு?’னு கேட்டு, கீழே எழுதுறதுக்கு இடமும் விட்டிருந்தா யாரோ படிக்கப் போறாங்கனு அர்த்தம். முதல் வகைன்னா ஸ்டாரைப் போட்டுட்டுக் கிளம்புங்க. ரெண்டாவது வகைக்குப் பத்து நிமிஷம் ஒதுக்கலாம்.

கிரியேட்டிவ் வேலைக்கு மட்டும் என்ன தனிச் சிக்கல்?

வங்கித் தேர்வுல உங்களுக்கு மார்க் வரும், கட்-ஆஃப் வரும். எங்கே கோட்டை விட்டோம்னு தெரியும். டிசைன், வீடியோ எடிட்டிங், கன்டென்ட் ரைட்டிங், போட்டோகிராபி மாதிரி வேலைகள்ல அப்படி எதுவும் கிடையாது. போர்ட்ஃபோலியோ பார்ப்பாங்க, ஒரு டாஸ்க் கொடுப்பாங்க, ஒரு இன்டர்வியூ இருக்கும். மூணுலயும் முடிவு பண்றது பார்க்கிறவரோட ரசனை. அதனால ‘நான் நல்லா பண்ணலையா, இல்லை அவங்களுக்குப் பிடிக்கலையா’ங்கிற கேள்விக்குக் கடைசி வரை பதில் தெரியாது. பல பேரை ராத்திரி தூங்கவிடாம பண்றது இந்தக் கேள்விதான்.

இன்னொண்ணு, டாஸ்க். கணக்குப் போட்டு விடை சொல்ற டெஸ்ட்டை நிறுவனம் வேற எதுக்கும் பயன்படுத்த முடியாது. நீங்க செஞ்ச போஸ்டரையோ, எழுதின ஸ்க்ரிப்ட்டையோ பயன்படுத்த முடியும். ‘என் டாஸ்க்கை வாங்கிக்கிட்டு என்னை விட்டுட்டாங்களோ’ங்கிற சந்தேகம் வேற எந்தத் துறையையும்விட இங்கே அதிகம் வர்றதுக்குக் காரணம் இதுதான். அதைப் பத்தித் தனியா பார்ப்போம்.

‘அனானிமஸ்’னு போட்டிருக்கே... நம்பலாமா?

கூகுள் ஃபார்ம்ல உங்க மெயில் ஐடியைச் சேகரிக்கிற வசதி இருக்கு. அதை ஆன் பண்ணியிருந்தா, ஃபார்மோட மேல் பகுதியிலேயே ‘உங்க மெயில் ஐடி பதிவாகும்’ங்கிற மாதிரி ஒரு வரி தெரியும். நாம அதைப் படிக்காம கீழே ஸ்க்ரோல் பண்றோம். முதல் வேலையா அதைப் பாருங்க.

மெயில் ஐடி பதிவாகலைன்னாலும் ஒரு விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கணும். சின்ன ஸ்டூடியோவுல கடைசி ரவுண்டுக்குப் போனதே நாலு பேராத்தான் இருக்கும். ‘இன்டர்வியூ அன்னிக்கு கரன்ட் போயி போன் டார்ச்ல பேசினோம்’னு நீங்க எழுதினா, எழுதினது யாருன்னு அடுத்த நொடியே தெரிஞ்சிடும். அதனால சிம்பிளா ஒரு விதி வெச்சுக்கலாம்: உங்க பேரை அடியில போட்டு அனுப்பத் தயங்காத வார்த்தைகளை மட்டும் எழுதுங்க. அப்புறம் அனானிமஸா இல்லையாங்கிற கவலையே தேவையில்லை.

கோபத்தைக் குறிப்பா மாத்துறது எப்படி?

படிக்கிறவருக்கு உபயோகமான ஃபீட்பேக்ல நாலு விஷயம் இருக்கும். என்ன நடந்துச்சு, எப்போ நடந்துச்சு, அதால உங்களுக்கு என்ன ஆச்சு, பதிலா என்ன பண்ணியிருக்கலாம். நாலும் நாலு வரியில அடங்கிடும். சில உதாரணங்கள் பார்ப்போம்.

*பதிலே சொல்லாம விட்டது*

நாம எழுதுறது: ‘உங்க ப்ராசஸ் படு மோசம். பதில் சொல்லக்கூட நேரம் இல்லையா?’

எழுத வேண்டியது: ‘டாஸ்க்கை 4-ம் தேதி அனுப்பினேன். 10-ம் தேதிக்குள்ள முடிவு சொல்றதா உங்க மெயில்ல இருந்துச்சு. 11-ம் தேதியும் 18-ம் தேதியும் கேட்டு எழுதினேன், பதில் வரலை. இதுக்காகக் காத்திருந்ததால வேற ஒரு இடத்தைத் தவறவிட்டேன். முடிவு தாமதமானா, இன்னும் பார்த்துக்கிட்டிருக்கோம்னு ஒரு வரி அனுப்பினாக்கூடப் போதும்.’

*டாஸ்க் அளவுக்கு மீறினது*

நாம எழுதுறது: ‘ஓசியில வேலை வாங்கப் பார்க்கிறீங்க.’

எழுத வேண்டியது: ‘மூணு போஸ்டர், ஒரு லோகோ, ஒரு ரீல் கேட்டிருந்தீங்க. எனக்கு 14 மணி நேரம் ஆச்சு. ஒரு போஸ்டரை வெச்சே என்னோட லே-அவுட்டையும் எழுத்துரு தேர்வையும் பார்த்திருக்க முடியும். இவ்வளவும் தேவைன்னா ஒரு சின்னத் தொகையாவது கொடுக்கலாம்.’

*மொழி*

தமிழ் கன்டென்ட் எழுதுற வேலைக்கு இன்டர்வியூ முழுக்க இங்கிலீஷ்ல நடக்கிறது ரொம்ப சகஜம். ஊர்ல தமிழ் மீடியத்துல படிச்சு வந்த பலர் தடுமாறி வெளியே வர்றது இங்கேதான். ‘இங்கிலீஷ் தெரியாதவங்களை மட்டமா பார்க்கிறாங்க’னு எழுதினா அவங்க மறுப்பாங்க. ‘வேலை தமிழ்ல எழுதுறது. 20 நிமிஷ இன்டர்வியூவுல தமிழ்ல ஒரு கேள்விகூட இல்லை. என் எழுத்தைப் பத்திப் பேசவே வாய்ப்பு கிடைக்கலை’னு எழுதினா மறுக்க முடியாது.

*சம்பந்தமில்லாத கேள்விகள்*

‘அப்பா என்ன பண்றார்?’, ‘சொந்த ஊர் எது? ஊர்ல எந்தப் பக்கம்?’, ‘நைட் ஷூட்னா வீட்ல விடுவாங்களா?’, ‘கல்யாணம் எப்போ?’ இதெல்லாம் இன்டர்வியூக்கள்ல வந்து விழுற கேள்விகள். ஊரையும் தெருவையும் எதுக்குக் கேட்கிறாங்கன்னு கேட்கிறவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். இதை எழுதும்போது விளக்கம் கொடுக்காதீங்க. கேட்ட கேள்வியை அப்படியே, அதே வார்த்தைகள்ல எழுதுங்க. ‘இந்தக் கேள்வி வீடியோ எடிட்டர் வேலைக்கு எப்படித் தேவைப்படுதுன்னு எனக்குப் புரியலை’னு ஒரு வரி சேர்த்தா போதும். அந்தக் கேள்வியை அச்சுல பார்க்கும்போது அதோட அசிங்கம் தானா தெரியும்.

ஃபார்ம்ல எழுதக் கூடாத ஒண்ணு

ஆபாசமான பேச்சு, தொடுறது, ‘தனியா டின்னருக்கு வந்தா பார்க்கலாம்’ மாதிரியான பேரம் நடந்திருந்தா, அதுக்கு ஃபீட்பேக் ஃபார்ம் சரியான இடம் கிடையாது. அந்த ஷீட்டை யார் திறந்து பார்ப்பாங்க, யார் அழிப்பாங்கன்னு தெரியாது.

பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் 2013-ல் வந்தது. அங்கே வேலை பார்க்கிற பெண்களுக்கு மட்டும்தான் அது பொருந்தும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. சட்டம் அப்படிச் சொல்லலை. பாதிக்கப்பட்டவர் அந்த இடத்துல வேலை பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் புகார் கொடுக்கலாம். அதாவது, இன்டர்வியூவுக்குப் போன இடத்துல நடந்திருந்தாலும் கொடுக்கலாம். பத்துப் பேர் அல்லது அதுக்கு மேல வேலை பார்க்கிற நிறுவனத்துல உள்ளகப் புகார்க் குழு இருக்கணும். அதைவிடச் சின்ன இடம்னா, மாவட்ட அளவுல இருக்கிற உள்ளூர்ப் புகார்க் குழுகிட்டப் போகலாம். சம்பவம் நடந்து மூணு மாசத்துக்குள்ள எழுத்துப்பூர்வமா கொடுக்கிறது பொது விதி. மெசேஜ், கால் லாக், ஸ்க்ரீன்ஷாட் எதையும் அழிச்சிடாதீங்க.

நான் செஞ்ச டாஸ்க் யாருக்குச் சொந்தம்?

இந்த ஏரியா கொஞ்சம் சட்டம். நிதானமா படிங்க, பின்னாடி உதவும்.

இந்தியாவுல இதைத் தீர்மானிக்கிறது 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம். நீங்க ஒரு ஸ்க்ரிப்ட் எழுதினதும், ஒரு போஸ்டர் வரைஞ்சதும் பதிப்புரிமை தானா வந்துடும். பதிவு பண்ணியே ஆகணும்னு கட்டாயம் இல்லை. அதோட முதல் உரிமையாளர், அதை உருவாக்கினவர்.

இதுக்கு விதிவிலக்குகள் உண்டு. ஒரு நிறுவனத்துல ஊழியரா இருந்து, அந்த வேலையோட பகுதியா ஒண்ணை உருவாக்கினா, வேற ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல அது நிறுவனத்துக்குச் சொந்தம். ஆனா, விண்ணப்பிச்சிருக்கிற நீங்க இன்னும் ஊழியர் இல்லையே! அடுத்த விதிவிலக்கு, காசு கொடுத்து போட்டோ, ஓவியம், வீடியோ மாதிரி சிலதை ஒருத்தர் எடுக்கவோ வரையவோ சொன்னா, அது பெரும்பாலும் சொன்னவருக்குப் போகும். உங்க டாஸ்க்குக்குத்தான் பத்து பைசா தரலையே. அப்போ அதுவும் பொருந்தாது. அதனால சம்பளமில்லாத டாஸ்க்குக்கு நீங்கதான் முதல் உரிமையாளர்.

அந்த உரிமையை இன்னொருத்தருக்கு மாத்திக் கொடுக்கணும்னா, எழுத்துல, உங்க கையெழுத்தோட இருக்கணும்னு சட்டத்தோட 19-வது பிரிவு சொல்லுது. எத்தனை வருஷத்துக்குன்னு எழுதாம விட்டிருந்தா அஞ்சு வருஷம்னு எடுத்துக்குவாங்க.

இங்கேதான் ஒரு பொடி எழுத்து ஒளிஞ்சிருக்கும். அப்ளை பண்ற பக்கத்துல ‘சமர்ப்பிக்கப்படும் அனைத்துப் படைப்புகளும் நிறுவனத்துக்கே உரியவை’னு ஒரு வரி இருக்கும், பக்கத்துல ஒரு சின்னக் கட்டம். நாம டிக் அடிச்சுட்டுப் போயிடுவோம். அந்த டிக்கை வெச்சு பின்னாடி வாதாடிக்கிட்டு இருக்கிறதைவிட, அடிக்கிறதுக்கு முன்னாடி படிக்கிறது சுலபம். அந்த வரி இருந்தா, உங்களோட பெஸ்ட் வேலையை அங்கே கொடுக்கணுமான்னு யோசிங்க.

ஐடியாவுக்கு காப்புரிமை கேட்க முடியுமா?

‘என் ஐடியாவை எடுத்துட்டாங்க’னு சொல்ற எல்லாருக்கும் ஒரு பழைய வழக்கைச் சொல்லணும். ஆர்.ஜி.ஆனந்த்னு ஒரு நாடக ஆசிரியர். பஞ்சாபிக் குடும்பமும் மதராஸிக் குடும்பமும் அக்கம்பக்கத்துல வாழுற கதையை ‘ஹம் ஹிந்துஸ்தானி’னு நாடகமா போட்டார். அப்புறம் 1956-ல் ‘நியூ டெல்லி’னு ஒரு இந்திப்படம் வந்துச்சு. கிஷோர் குமாரும் நம்ம வைஜயந்திமாலாவும் நடிச்ச படம். பஞ்சாபிப் பையன், தமிழ்ப் பொண்ணு காதல். ‘இது என் நாடகம்’னு ஆனந்த் கோர்ட்டுக்குப் போனார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை வந்து 1978-ல் தீர்ப்பாச்சு. கருத்து, கரு, பொதுவான கதைப்போக்கு இதுக்கெல்லாம் பதிப்புரிமை கிடையாது. அதை ஒருத்தர் சொல்லியிருக்கிற விதத்துக்குத்தான் உண்டுன்னு நீதிமன்றம் சொல்லிடுச்சு. ஆனந்த் தோத்துப்போனார்.

இன்னிக்கு வரை இந்தத் தீர்ப்பைத்தான் மேற்கோள் காட்டுறாங்க. உங்க டாஸ்க்குக்கு இதைப் பொருத்திப் பாருங்க. ‘தீபாவளி விளம்பரத்துல பட்டாசுக்குப் பதிலா பாட்டியோட முறுக்கு உரல் சத்தத்தை வைக்கலாம்’ங்கிறது ஐடியா. அதைப் பார்த்து வேற மாதிரி எடுத்தா ஒண்ணும் பண்றதுக்கில்லை. நீங்க எழுதின வசனம், வரைஞ்ச ஃப்ரேம், எடுத்த போட்டோ இதையெல்லாம் அப்படியே எடுத்தா கேட்கலாம்.

அதனால டாஸ்க் அனுப்பும்போதே மூணு விஷயம் பண்ணிடுங்க. ஒண்ணு, மெயில்லதான் அனுப்பணும். தேதியும் நேரமும் அதுலயே இருக்கும். ரெண்டு, டிசைன்னா எடிட் பண்ணக்கூடிய மூல ஃபைலைக் கொடுக்காம, குறைஞ்ச ரெசல்யூஷன்ல வாட்டர்மார்க்கோட பி.டி.எஃப் அனுப்புங்க. மூணு, மெயிலோட கடைசியில ஒரு வரி: ‘இது தேர்வுக்காக மட்டும் அனுப்பப்படுது. வேற எதுக்காவது பயன்படுத்தணும்னா என்கிட்ட அனுமதி வாங்குங்க.’ இதைப் பார்த்துட்டுக் கடுப்பாகிற நிறுவனம்னா, உங்க அதிர்ஷ்டம், முதல்லயே தெரிஞ்சுக்கிட்டீங்க.

எனக்கு யார் ஃபீட்பேக் கொடுப்பாங்க?

நியாயமான கேள்வி. அவங்க கேட்கும்போது நாம கேட்கக் கூடாதா? தாராளமா கேட்கலாம். ஆனா, ‘ஏன் என்னை எடுக்கலை?’னு கேட்டா பதில் வராது. அந்தக் கேள்விக்கு என்ன சொன்னாலும் சண்டைக்கு வருவீங்களோன்னு எதிர்ல இருக்கிறவர் பயப்படுவார். பத்து நிமிஷத்துல பதில் சொல்ற மாதிரி ஒரு சின்னக் கேள்வியா கேளுங்க:

‘வணக்கம் மேடம். உங்க முடிவைத் தெரிவிச்சதுக்கு நன்றி. முடிவை மாத்தச் சொல்லிக் கேட்கலை. என் ரெண்டாவது ஸ்க்ரிப்ட்டைப் பத்தி ஒரே ஒரு சந்தேகம். முதல் மூணு செகண்ட்ல ஆளை நிறுத்துற மாதிரி இருந்துச்சா, இல்லை தொடக்கம் இழுவையா இருந்துச்சா? ஒரு வரி சொன்னீங்கன்னா அடுத்ததுல திருத்திக்குவேன்.’

எல்லாரும் பதில் போட மாட்டாங்க. போட்டவங்க சொல்றதை வெச்சு ஒரு நோட்டு போடுங்க. ஒருத்தர் ‘தொடக்கம் இழுவை’னு சொன்னா அது ரசனை. சம்பந்தமே இல்லாத மூணு பேர் அதையே சொன்னா அது உங்க வேலையில இருக்கிற ஓட்டை. ‘வேற ஒருத்தர் இன்னும் பொருத்தமா இருந்தார்’னு மட்டும் வந்தா, அதை நாலு நாள் ஆராய்ச்சி பண்ணாதீங்க. அது எல்லாருக்கும் அனுப்புற வரி.

இன்ஸ்டாவுல போட்டு உடைச்சிடலாமா?

ஆசையாத்தான் இருக்கும். போடுறதுக்கு முன்னாடி ஒரு நாள் ஆறப்போடுங்க. 2024 ஜூலை முதல் நடைமுறையில இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவோட 356-வது பிரிவு அவதூறைக் குற்றமா வெச்சிருக்கு. சொன்னது உண்மையா இருந்து, பொது நன்மைக்காகச் சொல்லியிருந்தா அது விதிவிலக்கு. அதை நிரூபிக்கிற வேலை உங்க தலையில வரும்.

‘திருட்டுக் கம்பெனி’ங்கிறது முத்திரை. ‘இந்தத் தேதியில இந்த டிசைனை அனுப்பினேன். இந்தத் தேதியில அவங்க பேஜ்ல இது வந்துச்சு. கேட்டேன், பதில் இல்லை’ங்கிறது தகவல். ரெண்டாவதை எழுதுறவங்களுக்குத் துணைக்கு ஆதாரம் இருக்கும். பொதுவெளிக்குப் போறதுக்கு முன்னாடி நிறுவனத்துக்கு ஒருமுறை எழுத்துல கேட்டுட்டுப் போனீங்கன்னா இன்னும் நல்லது. இன்டர்வியூ எடுத்தவரோட போன் நம்பர், போட்டோ இதையெல்லாம் போடவே போடாதீங்க.

காசு கேட்டா கதவைச் சாத்துங்க

ஃபீட்பேக் எழுதுற அளவுக்குக்கூடத் தகுதியில்லாத ஒரு வகை இருக்கு. ‘ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ்’, ‘ட்ரெய்னிங் கிட்’, ‘சர்ட்டிஃபிகேட்டுக்கு டெபாசிட்’னு உங்ககிட்டயே காசு கேட்கிறவங்க. அங்கே வேலைன்னு ஒண்ணு இருக்குமாங்கிறதே சந்தேகம். ஏற்கெனவே அனுப்பிட்டீங்கன்னா, தாமதிக்காம 1930-ங்கிற சைபர் க்ரைம் உதவி எண்ணுக்கு போன் பண்ணுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ, அந்தப் பணத்தை நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு.

சம்பளமே இல்லாத இன்டர்ன்ஷிப் வேற கதை. அப்ரன்டிஸ்களுக்கு 1961-ம் ஆண்டுச் சட்டம் இருக்கு, உதவித்தொகையும் உண்டு. சாதாரண இன்டர்ன்களுக்கு அந்த மாதிரி பாதுகாப்பு கிடையாது. அதனால, ‘எவ்வளவு தர்றது நியாயம்?’னு ஃபார்ம்ல கேட்டா ஒரு அளவுகோல் வேணும்ல? மத்திய அரசோட பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் 2024-ல் ஆரம்பிச்சப்போ மாசம் 5,000 ரூபாய்னு வெச்சாங்க. அதைக் காட்டிக் கேளுங்க. சென்னையில ஹாஸ்டல், பஸ், சாப்பாடுன்னு உங்க நிஜச் செலவை எழுதி, ‘இது இல்லாம வெளியூர்க்காரங்க இந்த இன்டர்ன்ஷிப்புக்கு வரவே முடியாது’னு சொல்லுங்க. காசு தராத இடத்துக்கு வீட்ல வசதி இருக்கிறவங்க மட்டும்தான் வர முடியும்ங்கிறது, உள்ளே இருக்கிறவங்களுக்குப் பல நேரம் தோணுறதே இல்லை.

அனுப்புறதுக்கு முன்னாடி...

* ரிசல்ட் வந்த அன்னிக்கே எழுதாதீங்க. ரெண்டு நாள் கழிச்சு எழுதுங்க. ஒரு வாரத்துக்கு மேல தள்ளாதீங்க, தேதியெல்லாம் மறந்துடும்.

* ஃபார்ம்ல நேரடியா டைப் பண்ணாம, நோட்ஸ் ஆப்ல எழுதி ஒருமுறை படிச்சுட்டு பேஸ்ட் பண்ணுங்க. உங்ககிட்ட ஒரு காப்பியும் இருக்கும்.

* நல்லா இருந்த ஒண்ணையும் சொல்லுங்க. ‘இன்டர்வியூ எடுத்தவர் என் போர்ட்ஃபோலியோவைப் படிச்சுட்டு வந்திருந்தார்’னு எழுதினா, அந்த நல்ல பழக்கம் அடுத்த பேட்ச்சுக்கும் மிஞ்சும்.

* ஒரே ஒரு மாற்றம்தான் கேட்க முடியும்னா எதைக் கேட்பீங்க? அதை முதல் வரியா வைங்க. கீழே இருக்கிறதைப் படிக்காம போனாலும் அது சேர்ந்துடும்.

நான் அன்னிக்கு ராத்திரி எழுதின கட்டுரைக்கு வருவோம். அதை இன்னிக்கு எழுதியிருந்தா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பார்த்தேன். ‘பத்து ஸ்க்ரிப்ட்டுக்கு மூணு நாள் போதலை. ரெண்டு ஸ்க்ரிப்ட் கேட்டிருக்கலாம். ஆறு வாரமா பதில் வரலை. நான் தேர்வாகலைங்கிறதை இந்த ஃபார்மோட தலைப்பைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அடுத்தவங்களுக்கு முடிவை முதல்ல அனுப்புங்க, ஃபார்மை அப்புறம் அனுப்புங்க.’ அவ்வளவுதான். ஒரு நிமிஷத்துல படிச்சிருப்பாங்க. எனக்கு அப்புறம் அங்கே அப்ளை பண்ண யாரோ ஒருத்தருக்காவது, முடிவு முறையா வந்து சேர்ந்திருக்கும்.

உங்க இன்பாக்ஸ்ல நிரப்பாம கிடக்கிற ஃபார்ம் ஏதாவது இருக்கா மக்களே? இன்னிக்குத் திறந்து நாலு வரி எழுதிடுங்க. ஒரு வரியில தேதி இருக்கட்டும்!